வண்டி உயரும், அச்சு உயராது: லிஃப்ட் கிட் பற்றி வாசகர் கேள்விகள்

வால்பாறை எஸ்டேட் பாதையில் என் மாருதி ஜிம்னியின் டிஃபரன்ஷியல் (அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டி) கல்லில் இடிக்கிறது. 3 அங்குல லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் ஸ்பிரிங், ஷாக் தொகுப்பு) போட்டால் தீருமா?
– வாசகர், பொள்ளாச்சி

தீராது. ஜிம்னிக்கு முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்ஸில், அதாவது இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே விறைப்பான அச்சு. நீளமான காயில் ஸ்பிரிங் மாட்டினால் பாடியும் சேஸிஸும்தான் மேலே போகும். அச்சும் அதன் நடுவிலுள்ள டிஃபரன்ஷியலும் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்த நடைமுறையான வழி பெரிய டயர். கம்பெனி டயரான 195/80 ஆர்15-இன் விட்டம் சுமார் 693 மி.மீ. 215/75 ஆர்15 போட்டால் 703 ஆகும், அச்சுக்குக் கிடைப்பது வெறும் 5 மி.மீ. 235/75 ஆர்15 என்றால் 733, 20 மி.மீ. கிடைக்கும். ஆனால் முழுதாக ஒடிக்கும்போதும் குழியில் அமுங்கும்போதும் அந்த டயர் உரசும். லிஃப்ட் தேவைப்படுவது அதற்குத்தான். ஸ்பீடோமீட்டர் சுமார் 6 சதவீதம் குறைத்துக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். 40 முதல் 50 மி.மீ. லிஃப்ட் போதும். 3 அங்குலத்துக்குப் போனால் பிரேக் ஹோஸ், புரொப்பல்லர் ஷாஃப்ட் கோணம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சரிக்கட்ட வேண்டிவரும்.

50 மி.மீ. கிட் போட்டபின் வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வருவதில்லை. 80-ஐத் தாண்டினால் வண்டி அலைகிறது. அலைன்மென்ட் செய்தும் பலன் இல்லை.
– வாசகர், தேனி

காஸ்டர் கோணம், அதாவது முன் சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின் பின்பக்கம் சாய்ந்திருக்கும் அளவு, குறைந்துவிட்டது. முன் அச்சைப் பிடித்திருக்கும் இரண்டு ஆர்ம்களின் பின்முனை சேஸிஸில் இருக்கிறது. சேஸிஸ் உயரும்போது அந்த முனையும் உயர்வதால் அச்சு முன்பக்கமாகச் சுழல்கிறது. கிங்பின்னின் மேல்முனை முன்னால் சாய்கிறது. ஸ்டியரிங்கை நேருக்கு இழுத்து வருவது கிங்பின்னின் பின்சாய்வுதான். இந்த அச்சில் அலைன்மென்ட் கடைக்காரர் திருகிச் சரிசெய்யக்கூடியது டோ (சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) மட்டுமே. அதைச் சரிசெய்துவிட்டு ‘ஓகே’ என்று அனுப்பிவிடுவார். பிரிண்ட் கேட்டு வாங்கி, காஸ்டர் எண்ணை சர்வீஸ் மேனுவலோடு ஒப்பிடுங்கள்.

தீர்வு: 50 மி.மீ. லிஃப்டுக்கென்று விற்கும் காஸ்டர் புஷ், அதாவது ஆர்மின் துளைக்குள் ஏறும் உருளை. துளை மையத்தில் இல்லாமல் ஒதுங்கியிருக்கும். ஆர்ம்களைக் கழற்றி, ஹைட்ராலிக் பிரஸ் உள்ள லேத் பட்டறையில் பழைய புஷ்ஷைத் தள்ளிவிட்டு ஏற்ற வேண்டும். புஷ்ஷிலுள்ள குறியைத் திசை மாற்றி அழுத்திவிட்டால் காஸ்டர் இன்னும் குறையும். பிரஸ் போடும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.

அச்சு பக்கவாட்டில் நகராமல் சேஸிஸோடு பிடித்திருக்கும் பான்ஹார்ட் ராடையும் பாருங்கள். வண்டி உயர்ந்ததும் அது செங்குத்தாகி, அச்சைத் தன் சேஸிஸ் முனை இருக்கும் பக்கமாக இழுக்கும். இரு பக்க ஃபெண்டரிலிருந்தும் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, டயர் வரையுள்ள இடைவெளியை அளவெடுங்கள். வித்தியாசத்தில் பாதிதான் அச்சு நகர்ந்த தூரம். நீளம் மாற்றக்கூடிய ராட் போட்டால் சரியாகும். ஸ்டியரிங் வீல் கோணலாக நின்றால் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்க்கில் திருத்துங்கள், இல்லையென்றால் ஈ.எஸ்.பி. (வண்டி சறுக்காமல் காக்கும் மின்னணு அமைப்பு) விளக்கு எரியலாம். ஸ்டியரிங் அதிர்வைத் தணிக்கும் டாம்பர் மாட்டச் சொல்வார்கள். அது ஆட்டத்தை மறைக்கும், காரணத்தை நீக்காது.

வீட்டிலேயே மாட்டலாமா?
– வாசகர், ஓசூர்

சமதளத் தரையும் நல்ல ஆக்ஸில் ஸ்டாண்டும் இருந்தால் மாட்டலாம். முதலில் நான்கு சக்கரங்களிலும் ஹப் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். பின்பக்கத்தைத் தூக்கினால் ஹேண்ட்பிரேக்கால் பயனில்லை. முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். ஸ்டாண்ட் சேஸிஸுக்கு அடியில், ஜாக்கி அச்சுக்கு அடியில். ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட், ஸ்டெபிலைசர் லிங்க், பான்ஹார்டின் ஒரு முனை ஆகியவற்றைக் கழற்றுங்கள். பிரேக் ஹோஸ் பிராக்கெட்டையும் ஏ.பி.எஸ். ஒயர் கிளிப்பையும் விடுவித்த பிறகுதான் அச்சை இறக்க வேண்டும். மறந்தால் ஒயர் அறுந்துவிடும்.

புது ஸ்பிரிங்கை மாட்டும் முன் ஷாக்கை மட்டும் பொருத்தி, அச்சு பம்ப் ஸ்டாப்பை (அச்சு மேலே ஏறுவதைத் தடுக்கும் ரப்பர் தடுப்பு) தொடும்வரை ஜாக்கியால் ஏற்றிப் பாருங்கள். அதற்கு முன்பே ஷாக் முழுதாக அமுங்கிவிட்டால் பம்ப் ஸ்டாப்பை நீட்டியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் முதல் பெரிய பள்ளத்திலேயே ஷாக்கின் உள்வால்வு போய்விடும். பிறகு அச்சை முழுதாகத் தொங்கவிட்டு, பிரேக் ஹோஸ் விறைக்காமல் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள்.

பலர் தவறுவது கடைசி வேலையில். ஆர்ம், பான்ஹார்ட் போல்ட்களை அச்சு தொங்கும் நிலையிலேயே இறுக்கிவிடுகிறார்கள். வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு நிற்கும், சில மாதங்களில் கிழியும். சக்கரம் மாட்டி, வண்டியை இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, எடை ஏறிய பிறகே டார்க் ரெஞ்சால் மேனுவல் அளவுக்கு இறுக்குங்கள். 100 கி.மீ. ஓட்டியதும் மறுபடி சோதியுங்கள். ஹெட்லைட்டையும் தாழ்த்துங்கள், எதிரே வருபவர் கண் கூசும்.

சட்டம் என்ன சொல்கிறது?
– வாசகர், கோவை

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. 182ஏ பிரிவில் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. கிட் வாங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் கேட்டுவிடுங்கள்.

பழைய ஜிப்ஸிக்கு நீளமான ஷேக்கிள் (பட்டை ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைக்கும் தகடு) போட்டால் போதுமா?
– வாசகர், கூடலூர்

50 மி.மீ. நீளம் கூட்டினால் வண்டி உயர்வது ஏறக்குறைய 25 மி.மீ.தான், பட்டையின் மறுமுனை அசையாமல் இருக்கிறதே. நீளமான ஷேக்கிளால் பக்கவாட்டு ஆட்டமும் கூடும். பழைய வண்டியில் பட்டைகள் தளர்ந்து உட்கார்ந்திருப்பதுதான் வழக்கம். ஷேக்கிள் வாங்கும் முன் அவற்றைக் கழற்றி, வளைவு ஏற்றியோ புதிதாகவோ மாட்டுங்கள். பாதிப் பேருக்கு அதுவே போதும். யு-போல்ட்டை மட்டும் புதிதாக வாங்குங்கள். ஒருமுறை இறுகி நீண்ட மரை மறுபடி நம்பகமாகப் பிடிக்காது.