சாத்திக்கிட ஒரு கதவு

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். நான் பாளையங்கோட்டைக்காரன். தனியார் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது நண்பர்கள் ஏழு பேர் சேர்ந்து திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தோம். தண்ணீர் வடிந்த பிறகும் விட மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் ராத்திரி எட்டு மணிக்கு நாற்பது பொட்டலம் கட்டி ஜங்ஷன், சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டை என்று ஒரு சுற்றுச் சுற்றி வருகிறோம்.

போன மாதம் ஒரு ஆச்சி பொட்டலத்தைத் திருப்பித் தந்துவிட்டார். "முன்னமே ரெண்டு பேரு தந்துட்டுப் போயிட்டாவய்யா. சோறு எப்படியும் கெடைச்சிருது. ராத்திரி சாத்திக்கிட ஒரு கதவு இருந்தாத் தேவல" என்றார். அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. எங்களில் ஒருவன், இதெல்லாம் அரசாங்கம் செய்யவேண்டிய வேலை, நிறுத்திவிடலாம் என்கிறான். இன்னொருவன் பொட்டலத்தை அறுபதாக்கலாம் என்கிறான். இவ்வளவு நாள் நாங்கள் செய்ததற்கு ஏதாவது அர்த்தம் இருக்கிறதா? இனி என்ன செய்ய வேண்டும்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். அந்த ஆச்சி சொன்னதை ஒரு தாளில் எழுதி மேஜைமேல் வைத்திருக்கிறேன்.

முதலில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமைச் சுற்றை நிறுத்தாதீர்கள். ஆச்சி உங்களிடம் வாய் திறந்து கதவு வேண்டும் என்று சொன்னது, மாதக்கணக்கில் நீங்கள் அந்தப் பக்கம் போய்வந்து முகம் பழகியதால்தான். பழகாத முகத்திடம் "நல்லாருங்கய்யா" என்று மட்டும் சொல்லி வாங்கி வைத்திருப்பார். பொட்டலத்தை அறுபதாக்க வேண்டாம். நாற்பதே போதும். கூடுதலாகச் செலவழிக்க வேண்டியது நேரம். அடுத்த ஞாயிறு ஏழு பேரில் இரண்டு பேர் சுற்றுக்குப் போகாமல் அந்த ஆச்சி பக்கத்தில் அரைமணி நேரம் உட்காருங்கள். இங்கே எப்படி வந்தீர்கள் என்று கேளுங்கள். பையில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்றும் கேளுங்கள்.

ஏன் பையைக் கேட்கச் சொல்கிறேன் என்றால், எனக்கு ஒரு பை தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கைலாசபுரம் தைப்பூச மண்டபத்துப் பக்கம் ஓர் அம்மாவைப் பார்த்தேன். அறுபத்தைந்து வயதிருக்கும். முக்கூடல் பக்கத்து ஊர். மஞ்சள் பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். பைக்குள் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் இன்னொரு கவர். உள்ளே ரேஷன் கார்டு, வீட்டுக்காரர் இறந்த சர்ட்டிபிகேட், பேங்க் பாஸ்புக், பி.எஃப். பென்ஷன் தாள். மழை பட்டுவிடக்கூடாது என்று அத்தனை பத்திரம். பாஸ்புக்கைப் புரட்டினேன். மாதாமாதம் ஆயிரம் ரூபாய் வந்துகொண்டிருந்தது. ஒரு மாதத்தோடு நின்றுவிட்டது.

அவர் நாற்பது வருஷம் பீடி சுற்றியவர். நம் பக்கத்தில் முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம், மேலப்பாளையம் என்று எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ராத்திரியே இலையை நனைத்து வைத்து, காலையில் அளவுத் தகட்டை வைத்துக் கத்தரித்து, தூள் வைத்துச் சுருட்டி, தலையை மடக்கி, நூலைச் சுற்ற வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி. நாற்பது வருஷம் இலையிலும் கத்தரியிலும் நூலிலும் உரசிய விரலில் ரேகை எங்கே இருக்கும்? அவர் கட்டைவிரலைப் பிடித்துப் பார்த்தேன். வழுவழுவென்று கூழாங்கல் மாதிரி இருந்தது.

பி.எஃப். பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை உயிர்ச்சான்று கொடுக்க வேண்டும். விரலை மெஷினில் வைக்க வேண்டும். இவர் விரலை மெஷின் ஏற்கவில்லை. துடைத்து வைத்தார், எண்ணெய் தடவி வைத்தார், பத்து விரலையும் வைத்தார். நாளைக்கு வாங்க, அடுத்த வாரம் வாங்க என்றார்கள். நான்கு தடவை பஸ் ஏறிப் போனார். பென்ஷன் நின்றது. "நான் உசுரோடதான் இருக்கேன்னு அந்த மிசினு ஒத்துக்கிட மாட்டேங்குய்யா" என்றார். வீட்டு வாடகை ஆயிரத்து இருநூறு. அதில் ஆயிரம் பென்ஷனிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. மூன்று மாதப் பாக்கி ஏறியதும் வீட்டுச் சொந்தக்காரர் காலிபண்ணச் சொல்லிவிட்டார். மகள் வீட்டில் பதினைந்து நாள். அங்கேயும் ஒற்றை அறைதான், மருமகனுக்குக் கூச்சம். அப்புறம் ஜங்ஷன்.

தம்பி, ஆயிரம் ரூபாய் நின்றதில் ஒரு மனுஷி தெருவுக்கு வந்துவிட்டார். அதற்குத் தீர்வு என்ன தெரியுமா? ரேகை விழாதவர்களுக்கு போன் காமிராவில் முகத்தைக் காட்டி உயிர்ச்சான்று கொடுக்கும் வசதியை 2022-லேயே பி.எஃப். அலுவலகம் கொண்டுவந்துவிட்டது. அந்த அம்மாவுக்கு அது தெரியாது. நான்கு தடவை அவரைத் திருப்பி அனுப்பியவர்களும் சொல்லவில்லை. கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகள் தன் போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்து, "ஆச்சி, கண்ணைச் சிமிட்டுங்க" என்றாள். சிமிட்டினார். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. நின்றுபோன மாதங்களுக்கும் சேர்த்து அடுத்த மாதம் பணம் வந்தது.

உங்கள் ஏழு பேர் கையிலும் அந்த மாதிரி போன் இருக்கிறது.

ஒரே ராத்திரியில் யாரும் தெருவுக்கு வந்துவிடுவதில்லை. ஒவ்வொரு படியாக இறங்குகிறார்கள். அந்த அம்மாவுக்கும் ஒரு காலத்தில் சொந்தமாக ஓட்டு வீடு இருந்தது. மகள் கல்யாணத்துக்கு வட்டிக்கு வாங்கினார். வட்டிக்கு வட்டி ஏறி வீடு போனது. சொந்த வீட்டிலிருந்து வாடகை வீடு, வாடகை வீட்டிலிருந்து மகள் வீடு, மகள் வீட்டிலிருந்து மண்டபத் திண்ணை. கடைசிப் படியில் நாம் பொட்டலத்தோடு நிற்கிறோம். மேல்படிகளில் ஒருத்தரும் இல்லை.

கந்துவட்டியைப் பற்றி நெல்லைக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை, மனு கொடுக்கும் நாளில் நம் கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலேயே ஒரு கூலித்தொழிலாளிக் குடும்பம் தீயில் வெந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். கணவன், மனைவி, இரண்டு பெண்குழந்தைகள். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. அந்தப் பிள்ளைகள் பிறப்பதற்கு முன்னால் வந்த சட்டம். அவர்கள் கையில் இருந்ததோ மனுத்தாள் மட்டும். அந்தத் தாளோடு கூடப்போய் நின்று கேட்க ஊரில் பத்துப்பேர் சேர்ந்திருந்தால் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

இதற்கு மாற்றாகத்தான் மகளிர் சுய உதவிக் குழுக்கள் வந்தன. 1989-ல் தர்மபுரியில் தொடங்கி நம் பக்கம் வரை பரவின. பன்னிரண்டு, பதினைந்து பெண்கள் மாதம் ஐம்பது, நூறு போட்டுத் தங்களுக்குள் கைமாற்று கொடுத்துக்கொண்ட குழுக்கள் எத்தனையோ வீடுகளைக் காப்பாற்றின. என் அம்மா இருந்த குழு, ஆஸ்பத்திரிச் செலவு என்றால் கேள்வியே கேட்காமல் அன்றைக்கே பணம் கொடுத்துவிடும். ஆனால் இப்போது தெருவில் குழு என்றால் வாரக்கடன் கம்பெனிக்குழு என்றாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை ஆனால் தவணைக்காக அடுத்த வீட்டில் கைநீட்டுகிறார்கள். இது எனக்கு ரொம்ப வருத்தம். பழைய மாதிரி, தெருவுக்குள்ளேயே சேர்த்துத் தெருவுக்குள்ளேயே கொடுக்கும் நிதி ஒவ்வொரு தெருவுக்கும் வேண்டும். உங்கள் நாற்பது பொட்டலத்துக்கு வாரம் இரண்டாயிரம் ஆகும் என்று நினைக்கிறேன். அந்த அம்மாவின் மூன்று மாத வாடகைப் பாக்கி 3,600 ரூபாய்தான்.

நம் சீமைக்கு இது புதிதும் இல்லை. 1799-ல், கிறிஸ்தவத்துக்கு மாறியதற்காக ஊரைவிட்டு விரட்டப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்திய இடம்தான் முதலூர். அப்படி உண்டான முதல் ஊர் என்பதால் அந்தப் பெயர். 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில், 1830-ல், தரும சங்கம் என்று ஒன்று ஏற்படுத்தினார்கள். வீடுவாசல் இழந்தவர்களுக்கு மனையும் நிலமும் வாங்கித்தருவதுதான் அதன் வேலை. அதே நூற்றாண்டில் அய்யா வைகுண்டரின் வழியில் நம் தெற்குச் சீமை முழுக்க நிழல்தாங்கல்கள் என்ற வழிபாட்டிடங்கள் எழுந்தன. ஒரே பந்தியில் சாதி பாராமல் சோறு. பெயரைப் பாருங்கள், நிழல்தாங்கல்! மேலப்பாளையத்திலும் காயல்பட்டினத்திலும் ஜமாஅத்துகள் ஜகாத் பணத்தைச் சேர்த்து ஏழைக் குடும்பத்தைக் கைதூக்கிவிடுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். சாமி வேறுவேறு. மனை, கிணறு, கூரை என்று யோசித்த விதம் ஒன்றுதான். சோற்றோடு நிறுத்திக்கொள்ளவில்லை அவர்கள்.

அரசாங்கத்தின் வேலைதானே என்று கேட்ட நண்பர் சொல்வது சரி. 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, நகரத்தில் லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடம் வேண்டும், வருஷம் முழுக்க, இருபத்துநான்கு மணிநேரமும் திறந்திருக்க வேண்டும் என்று. 2011 கணக்கெடுப்பில் நம் மாநகராட்சியின் ஜனத்தொகை 4,73,637. அப்படியானால் நான்கைந்து தங்குமிடமாவது இருக்க வேண்டும். எத்தனை இருக்கிறது, எங்கே இருக்கிறது, பெண்களுக்குத் தனியாக உண்டா என்று மாநகராட்சியில் எழுதிக் கேளுங்கள். கேட்பதோடு விடாமல் ஒருநாள் ராத்திரி நேரில் போய்ப் பாருங்கள். கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, பையைப் பூட்டி வைக்க இடம் இருக்கிறதா, புருஷன் பெண்டாட்டி சேர்ந்து தங்க முடியுமா. நான் விசாரித்தவரை, தங்குமிடத்துக்குப் போகாமல் திண்ணையில் படுப்பவர்கள் சொல்லும் காரணங்கள் இவைதான். இன்னொன்றும் சொல்வார்கள். விடிகாலை நாலு மணிக்கு லோடு இறக்கக் கூப்பிடுவார்கள், ஜங்ஷனை விட்டுத் தூரம் போனால் அன்றைக்குக் கூலி போச்சு. இதை வெளியிலிருந்து பார்த்து "சொன்னா கேக்க மாட்டாங்க" என்று சொல்லிவிடுகிறோம்.

வீடு கட்டிக்கொடுக்கும் திட்டங்களும் இருக்கின்றன. கலைஞர் கனவு இல்லத்தில் ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் தருகிறார்கள். அது கிராமத்துக்கான திட்டம், அதற்கும் பட்டா வேண்டும். கால்வாய்க்கரையில் குடிசை போட்டிருப்பவனிடம் பட்டா எங்கே இருக்கும்? வெள்ளத்தில் முதலில் போனது அந்தக் குடிசைகள்தான். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழைக்கு அரசு 6,000 ரூபாய் நிவாரணம் தந்தது. அதையும் ரேஷன் கார்டை வைத்துத்தான் தந்தார்கள். கார்டுக்கு விலாசம் வேண்டும். விலாசத்துக்கு வீடு வேண்டும். வீடு இல்லாதவன்தான் நனைந்தவன்.

ஆகவே கதவுக்கு முன்னால் விலாசம். இதில் உங்களால் உடனே செய்ய முடிந்தது ஒன்று உண்டு. வீடே இல்லாதவரும் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். படிவம் 6-ல் தான் படுக்கும் இடத்தை எழுதினால் போதும், விலாசத்துக்குத் தனிச் சான்று கேட்கக்கூடாது. வாக்குச்சாவடி நிலை அலுவலர் ராத்திரியில் அங்கே வந்து, அவர் அங்கேதான் படுக்கிறாரா என்று பார்க்க வேண்டும். ஒருநாள் போதாது, ஒன்றுக்கு மேற்பட்ட ராத்திரி வர வேண்டும். தேர்தல் ஆணையத்தின் விதியே அப்படித்தான். யாரும் கேட்பதில்லை என்பதால் யாரும் வருவதில்லை. நீங்கள் ஆச்சிக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்து, அலுவலர் வரும் ராத்திரி கூட நில்லுங்கள். கையில் ஓர் அட்டை வந்துவிட்டால் அதை வைத்து அடுத்த அட்டைக்குப் போகலாம். முதியோர் உதவித்தொகையை 2023-ல் 1,200 ரூபாய் ஆக்கினார்கள். ஆச்சிக்குக் கிடைத்தால், அதே நிலையில் இருக்கும் இன்னொருவரோடு சேர்ந்து ஓர் அறை எடுக்கலாம். முன்பணத்துக்கு உங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பணம் இருக்கிறது. அவசரப்பட்டு அவருக்காக எதையும் முடிவு செய்யாதீர்கள். யாரோடு சேர்ந்து இருக்கலாம், எந்தத் தெருவில் இருக்கலாம் என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

முக்கூடல் அம்மா இப்போது தன் ஊருக்கே போய்விட்டார். மதினி வீட்டுப் பின்கட்டில் ஒரு சாய்ப்பு இறக்கிக் கொடுத்திருக்கிறார்கள். மாதம் முந்நூறு ரூபாய் மதினி கையில் கொடுக்கிறார். கொடுத்துவிட்டு இருப்பதால்தான் அங்கே இருக்க முடிகிறது என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார். கதவு தகரம். மழை பெய்தால் சத்தம் தாங்கவில்லையாம். வருஷம் ஒருமுறை உயிர்ச்சான்றுக்கு என் அண்ணன் மகளுக்குப் போன் வந்துவிடும்.

ஆச்சியின் பையில் என்னென்ன தாள் இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். இனிஷியல் ஒரு தாளில் தகப்பனார் பெயருக்கும் இன்னொன்றில் வீட்டுக்காரர் பெயருக்கும் இருக்கிறதா என்று முக்கியமாகப் பாருங்கள், பாதிப்பேருக்கு அங்கேதான் சிக்குகிறது. தாலுகா ஆபீஸுக்குப் போகவேண்டி வந்தால் செவ்வாயும் வியாழனும் காலையில் எனக்கு வேலை இல்லை. நானும் வருகிறேன்.

அன்புடன்,
அண்ணாச்சி