பேதியோடு வந்த வலிப்பு, காக்காய் வலிப்பாகிவிடுமா?

கேள்வி: என் மகளுக்கு ஒரு வயது நான்கு மாதம். போன மாதம் இரண்டு நாள் வாந்தி, தண்ணீராகப் பேதி. ஜுரம் இல்லை. மூன்றாம் நாள் காலை கண் மேலே செருகி, கை கால் வெட்டி இழுத்தது. இரண்டு நிமிடம் இருக்கும். மத்தியானம் ஆஸ்பத்திரியில் மறுபடியும் அதே மாதிரி. மலப் பரிசோதனையில் ரோட்டா வைரஸ் என்றார்கள். ரத்தம், ஸ்கேன், ஈஈஜி எல்லாம் நார்மல். ஏதோ ஒரு மருந்தை ஒரே வேளை கொடுத்துவிட்டு, இனி ஒன்றும் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். மாமியார் தொக்கம் எடுக்கச் சொல்கிறார். பக்கத்து வீட்டில் காக்காய் வலிப்பு என்கிறார்கள். வயிற்றுக் கிருமி மூளைக்கு ஏறிவிட்டதா?
- ஒரு வாசகி, வியாசர்பாடி

பதில்: முதலில் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது காக்காய் வலிப்பு மாதிரி தெரியவில்லை. ஆறு மாதம் முதல் மூன்று வயதுக்குள், ஜுரமில்லாமல், பேதி தொடங்கிய முதல் ஐந்து நாளுக்குள், ஒரே நாளில் இரண்டு மூன்று தடவை சின்னச் சின்னதாக வருகிற வலிப்பு இது. ஜப்பானில் 1982-லேயே இதை விவரித்து எழுதிவிட்டார்கள். ரோட்டா, நோரோ என்ற இரண்டு பேதி வைரஸ்கள்தான் பெரும்பாலும் காரணம். வலிப்புக்கு நடுவில் பிள்ளை விழித்து, அம்மாவைத் தேடி, பால் கேட்கும். உங்கள் மகளும் அப்படித்தான் இருந்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

கிருமி மூளைக்கு ஏறியதா என்றால், சில குழந்தைகளின் தண்டுவட நீரில் ரோட்டாவின் தடயம் கிடைத்திருப்பது உண்மைதான். ஆனால் இந்த வகை வலிப்பில் மூளைக்காய்ச்சல் மாதிரி அழற்சி எதுவும் இருக்காது. பேதி அடங்கும்போது இதுவும் அடங்கிவிடும். பின்னாளில் வலிப்பு நோயாக மாறுவது அபூர்வம். அதனால்தான் தினசரி மருந்து கொடுக்கவில்லை. அந்த ஒரு வேளை மருந்து கார்பமசெபைன் என்ற வலிப்பு மருந்தாக இருக்கலாம், டிஸ்சார்ஜ் தாளில் பாருங்கள். வழக்கமாக முதலில் போடும் டயசெபாம் ஊசி இந்த வலிப்பில் பல சமயம் சரியாகக் கேட்பதில்லை. கார்பமசெபைன் சின்ன அளவில் ஒரு வேளை கொடுத்தாலே நின்றுவிடும். அதற்காக அடுத்த தடவை நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

இவ்வளவு தைரியமாக நான் சொல்வதற்குக் காரணம், உங்கள் கடிதத்தில் உள்ள "ரத்தம் நார்மல்" என்ற வார்த்தை. பேதியோடு வலிப்பு வந்தால் எங்களுக்கு முதல் பயம் ரத்தத்தில் சர்க்கரையும், சோடியம் என்கிற உப்பும் ஏறி இறங்கியிருக்குமோ என்பதுதான். சில வருடம் முன்பு ஒரு பாட்டி பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிள்ளை மாவு மாதிரி தொய்ந்து கிடந்தான், வழியிலேயே வலிப்பு வேறு. ஓ.ஆர்.எஸ். எப்படிக் கலந்தீர்கள் என்று கேட்டதும், ஒரு லிட்டர் பாக்கெட்டை அப்படியே ஒரு எவர்சில்வர் டம்ளரில் கொட்டிக் காட்டினார். "கெட்டியா கலந்தா சீக்கிரம் நிக்கும்னுதான் சார்." பையனின் சோடியம் 168. இருக்க வேண்டியது 135-லிருந்து 145. அதைச் சட்டென்று இறக்கினால் மூளை வீங்கும் என்பதால், இரண்டு நாள் சொட்டுச் சொட்டாக இறக்கினோம். பிழைத்துக்கொண்டான். நேர்மாறாக, வெறும் தண்ணீரையும் உப்பில்லாத கஞ்சித் தண்ணியையும் மட்டும் கொடுத்து, சோடியம் தாழ்ந்து வலிப்பு வந்த பிள்ளைகளும் உண்டு.

ஆகவே பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் தண்ணீர், சின்னது 200 மில்லி. காய்ச்சி ஆறிய தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் கலக்க வேண்டும். பாதியைக் கொட்டி மீதியை ரப்பர் பேண்ட் போட்டு வைக்கும் வேலை வேண்டாம். கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். வாந்தி இருந்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் போதும். மருந்துக்கடையில் டப்பாவில் விற்ற இனிப்புப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நம்பி வாங்கியவர்கள் நிறைய. தரமான கலவையாக இல்லாத எதுவும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவே போட வேண்டியிருந்தது. கூடவே துத்தநாக மருந்து, இவள் வயதுக்குத் தினம் 20 மில்லிகிராம், 14 நாள். பேதி நின்றாலும் முடிக்க வேண்டும். தாய்ப்பால், குழைந்த சோறு, இட்லி எதையும் நிறுத்த வேண்டாம்.

மறுபடி வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மணி பாருங்கள், முடிந்தால் செல்போனில் படம் எடுங்கள். டாக்டருக்கு நீங்கள் வாயால் சொல்வதைவிட அது பெரிய உதவி. கையில் சாவிக்கொத்து வேண்டாம், வாயில் ஸ்பூன் வேண்டவே வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. வலிப்பு நின்று வெகுநேரம் ஆகியும் பிள்ளை உங்களை அடையாளம் காணாமல் மந்தமாகவே இருந்தாலோ, ஒரு பக்கக் கை கால் மட்டும் துவண்டாலோ, கடும் ஜுரமோ மலத்தில் ரத்தமோ இருந்தாலோ, ஆறு மணி நேரமாக ஒண்ணுக்குப் போகாவிட்டாலோ அன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள். மூளை அழற்சி, சீதபேதிக் கிருமி எல்லாம் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன.

தொக்கம் விஷயம்: மாமியாரிடம் சண்டை போட வேண்டாம், ஆனால் பிள்ளையின் தொண்டைக்குள் யாரும் விரல் விட்டு எடுக்க, குழல் வைத்து ஊத அனுமதிக்காதீர்கள். வாந்தி எடுக்கிற குழந்தைக்கு அது மூச்சுக்குழாயில் போய் முடியும். அவருக்கு ஒரு நல்ல வேலை கொடுங்கள்: டயபர் மாற்றிய ஒவ்வொரு தடவையும் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார்களா என்று கண்காணிக்கட்டும். சானிடைசருக்கு நோரோ அவ்வளவாக மசியாது.

அப்புறம், மகளின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2017 முதல் ரோட்டா சொட்டு மருந்து 6, 10, 14-வது வாரங்களில் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. மூன்றும் போட்டிருந்தாலும் ரோட்டா வரலாம், ஆனால் கடுமையாவது குறையும். இவளுக்கு அந்த வயது தாண்டிவிட்டது. வீட்டில் வேறு கைக்குழந்தை இருந்தால், அந்தக் குழந்தையின் அட்டையில் அந்த மூன்று கட்டங்களும் நிரம்பியிருக்கின்றனவா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.