மண்ணுக்கடியில் கரையும் இரும்பும் மின்னியல் பட்டதாரியும்: பாலக்கோட்டுத் தாய்க்கு ஒரு பதில்

அன்புள்ள அம்மா, வணக்கம்.

பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் மின்னியல் முடித்த தங்கள் மகள், கையிலிருக்கும் மென்பொருள் பணியை விட்டுவிட்டுக் குழாய் அரிப்பைத் தடுக்கும் நிறுவனத்தில் சேர விரும்புவது தங்களுக்குக் கவலை தருவது இயல்பே. ஆயினும் அது தாங்கள் நினைப்பதுபோல் பிளம்பர் வேலையன்று. அவர் படித்த படிப்புக்கே உரிய பணி.

எடுத்துக்காட்டாக, பெங்களூருவில் மெட்ரோ ரயில் 750 வோல்ட் நேர்த்திசை (டிசி) மின்சாரத்தில் ஓடுகிறது. தண்டவாளம் வழியாகத் துணைமின் நிலையத்துக்குத் திரும்ப வேண்டிய மின்னோட்டத்தில் ஒரு பகுதி மண்ணில் கசிந்தால், அது அருகில் புதைந்துள்ள எஃகுக் குழாயில் ஏறி நெடுந்தூரம் சென்று, துணைமின் நிலையத்தை நெருங்கும் இடத்தில் மீண்டும் மண்ணுக்குள் இறங்கும். இறங்கும் இடத்தில்தான் இரும்பு கரைகிறது. ஓர் ஆம்பியர் ஓராண்டு முழுவதும் அப்படி இறங்கினால் ஏறத்தாழ 9 கிலோ இரும்பு போய்விடும். மேற்பூச்சு பெயர்ந்த சிறு புள்ளியில் அது குவியும்போது குழாயில் ஓட்டையே விழும்.

இப்பணியில் இருப்பவர்கள், குழாயிலிருந்து கம்பி இழுத்து வைத்திருக்கும் சோதனைக் கம்பத்தருகே மண்ணை நனைத்து, செம்பு சல்பேட் மின்முனையை ஊன்றி, குழாயின் மின்னழுத்தத்தை அளப்பார்கள், மைனஸ் 0.85 வோல்ட்டோ அதைவிட எதிர்மறையாகவோ இருப்பதைப் பாதுகாப்பான நிலையாகப் பொதுவாகக் கொள்வார்கள். பகலெல்லாம் ஏறியிறங்கும் அளவு, ரயில்கள் நின்ற நள்ளிரவில் அடங்கிவிட்டால் மூலம் எது என்பது புலப்பட்டுவிடும். சில இடங்களில் பக்கத்துக் குழாயைக் காக்க வைத்த கேதோடிக் பாதுகாப்பு அமைப்பே (மின்னோட்டம் செலுத்தி அரிப்பைத் தடுக்கும் ஏற்பாடு) இந்தக் குழாயைக் கெடுத்துக்கொண்டிருக்கும். மூலம் தெரிந்த பின்னரே, மின்னோட்டத்தைக் கேபிள் வழியே திருப்பி அனுப்புவதா, குழாயின் நடுவே மின்னோட்டத்தைக் கடத்தாத இணைப்பான இன்சுலேட்டிங் ஜாயின்ட் வைப்பதா என்று முடிவெடுக்க முடியும். பொறுமையாக அளந்து காரணம் தேடும் மனம் கொண்டவருக்கு இதைவிட நல்ல பணி அரிது என்பது என் உறுதியான கருத்து.

எரிவாயு, பெட்ரோலியம், குடிநீர் என மூன்று துறைகளிலும் இதற்குத் தேவை உண்டு. பிற்காலத்தில் ஆராய்ச்சியில் நாட்டம் வந்தால் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. தொடக்கச் சம்பளம் மென்பொருள் பணியைவிடக் குறைவாக இருக்கக்கூடும். அரிப்புத் தடுப்புத் துறையின் பன்னாட்டு அமைப்பான ஏஎம்பிபி, கேதோடிக் பாதுகாப்பில் தொடக்க நிலையில் வழங்கும் சிபி1 சான்றிதழுக்காக இப்போதே கடன் வாங்க வேண்டாம். களத்தில் சிறிது காலம் பழகிய பின் நிறுவனமே கட்டணத்தை ஏற்குமா என்று கேட்கலாம்.

தங்கள் உண்மையான அச்சம் இரவுப் பயணத்தைப் பற்றியது என்று உணர்கிறேன். நள்ளிரவு அளவீட்டுக்கு எத்தனை பேர் உடன் செல்வர், வண்டி யாருடையது, தங்குமிடம் எங்கே, விபத்துக் காப்பீடு உண்டா என்பவற்றை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அந்தப் பதில் கைக்கு வரும்வரை இப்போதைய பணியிலிருந்து அவர் விலக வேண்டாம்.