பனிமலைக்குப் போகுமுன் காகிள்ஸ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

காஷ்மீரின் குல்மர்க், உத்தராகண்டின் ஆலி, இமாச்சலத்தின் சோலாங் என்று பனியில் சறுக்கும் ஸ்கீயும் ஸ்னோபோர்டும் பழகப் போகிறவர்கள் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கமும் இருக்கிறார்கள் என்பதை வந்த கேள்விகளே சொல்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல், பனியில் கண்ணை மூடிக் காக்கும் காகிள்ஸின் லென்ஸ் நிறத்தைப் பற்றியவை. ஆனால் முகத்தில் சரியாக உட்காராத காகிள்ஸில் எவ்வளவு உயர்ந்த லென்ஸ் இருந்தாலும் வீண்தான். அதனால் பொருத்தத்தில் இருந்து தொடங்குகிறோம்.

கடையில் போட்டுப் பார்த்தால் எல்லாமே சரியாக இருப்பது போலத்தான் தெரிகிறது. எது பொருந்துகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (ஓசூர்)

முதலில் ஸ்ட்ராப்பைத் தலைக்கு மாட்டாதீர்கள். அதை முன்பக்கம் தொங்கவிட்டு, காகிள்ஸை ஒரு கையால் முகத்தில் லேசாக வைத்துப் பிடியுங்கள். நெற்றி, நெற்றிப்பொட்டு, கன்ன எலும்பு, மூக்கின் இரு பக்கம் என்று சுற்றிலும் ஃபோம் ஒரே மாதிரி தொட வேண்டும். பிறகு வெளிச்சமான பக்கம் திரும்பி நின்று, கண்ணை மட்டும் கீழே இறக்கிப் பாருங்கள். மூக்கருகே கோடு போல வெளிச்சம் தெரிந்தால் அந்த வழியாகத்தான் நாளைக்குக் காற்றும் பனித்தூளும் வரும்.

அடுத்து ஸ்ட்ராப்பை மாட்டி, கழன்று விழாத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். மூக்கால் பத்து முறை மூச்சு விடுங்கள். மூக்கு அடைத்தது போல, குரல் மாறியது போல இருந்தால் அந்த ஃப்ரேம் உங்களுக்குச் சிறியது, அல்லது அதன் மூக்கு வளைவு குறுகலானது. கைகளை இரண்டு பக்கமும் நீட்டி, தலையைத் திருப்பாமல் விரல்களை அசையுங்கள். எங்கே அசைவு மறைகிறதோ அதுதான் உங்கள் பக்கப் பார்வையின் எல்லை. குறுக்கே வருகிறவரைக் கவனிக்க அந்தப் பார்வை வேண்டும்.

கடைசியாக, கழற்றாமல் பதினைந்து நிமிடம் கடைக்குள்ளேயே நடங்கள். கழற்றியதும் கண்ணாடியில் முகத்தைப் பாருங்கள். சுற்றிலும் மெல்லிய தடம் இருந்தால் கவலையில்லை. ஒரே இடத்தில் சிவந்த பள்ளம் இருந்தால் வேண்டாம். பதினைந்து நிமிடத்தில் சிவக்கிற இடம், நாள் முழுவதும் போட்டால் தலைவலியாகிவிடும்.

பொருந்தாததை ஸ்ட்ராப்பால் இறுக்கிச் சரிசெய்துவிடலாம் என்று நினைப்பது பெரும்பாலானோர் செய்யும் தவறு. இறுக்கினால் ஃபோம் நசுங்கும். காற்றோட்டத் துளைகள் அடைபடும். ஃப்ரேம் வளைந்து லென்ஸ் வழியே தெரியும் காட்சியும் நெளியும். ஆவி பிடிப்பதும் அதனால்தான் கூடும்.

எனக்கு மூக்குத் தண்டு தாழ்வாக இருக்கும். எதைப் போட்டாலும் மூக்கின் இரு பக்கமும் சந்து விழுகிறது. (தேன்கனிக்கோட்டை)

பல மாடல்கள் எடுப்பான மூக்குத் தண்டை மனதில் வைத்து வார்க்கப்பட்டவை. அதே மாடலிலேயே மூக்குப் பகுதியில் கூடுதல் தடிமனான ஃபோம் வைத்து வருவது உண்டு. பெட்டியில் ‘ஏசியன் ஃபிட்’ அல்லது ‘லோ பிரிட்ஜ் ஃபிட்’ என்று போட்டிருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். தனியாக ஃபோம் துண்டு ஒட்டிக்கொள்வது நிற்காது. வியர்வையிலும் குளிரிலும் பசை விட்டுவிடும்.

ஹெல்மெட் முதலிலா, காகிள்ஸ் முதலிலா? (கிருஷ்ணகிரி)

ஹெல்மெட் முதலில். அதைக் கையோடு கொண்டுபோய் காகிள்ஸை அதோடு சேர்த்துப் போட்டுப் பாருங்கள். காகிள்ஸின் மேல் விளிம்பும் ஹெல்மெட்டின் முன் விளிம்பும் ஒட்டி நிற்க வேண்டும். இடையில் ஒரு விரல் நுழைந்தால் அந்த நெற்றிப் பட்டை குளிரில் விறைத்து வலிக்கும், வெயிலில் கருகும். எதிர்ப்பக்கமும் தவறு உண்டு: ஹெல்மெட் காகிள்ஸைக் கீழே தள்ளினால் எடை முழுவதும் மூக்கில் இறங்கும், மேல் துளைகளும் மூடிக்கொள்ளும். ஸ்ட்ராப் ஹெல்மெட்டுக்கு வெளியே போய், பின்புற க்ளிப்பில் மாட்ட வேண்டும். ஸ்ட்ராப்பின் உள்பக்கம் சிலிக்கான் கோடுகள் இருந்தால் வழுக்காது. ஹெல்மெட் வாடகைக்கு எடுப்பதாக இருந்தால், ஸ்ட்ராப் போதிய நீளம் இருக்கிறதா என்று இங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

மைனஸ் 4.5 பவர் கண்ணாடி போடுகிறேன். அதன் மேலேயே காகிள்ஸ் போடலாமா? (பாலக்கோடு)

போடலாம். ‘ஓ.டி.ஜி.’ (ஓவர் தி கிளாஸஸ், அதாவது கண்ணாடிக்கு மேல்) என்று குறித்த மாடல்கள் அதற்கென்றே வருகின்றன. உள்ளே ஆழம் கூடுதலாக இருக்கும். கண்ணாடியின் காம்பு போவதற்கு ஃபோமில் இரண்டு பக்கமும் வெட்டு இருக்கும். ஆனால் எல்லா ஓ.டி.ஜி.யும் எல்லாக் கண்ணாடிக்கும் இடம் கொடுக்காது. ஒரு ஸ்கேலை எடுத்து உங்கள் கண்ணாடியின் மொத்த அகலத்தையும், லென்ஸின் உயரத்தையும் அளந்து குறித்துக்கொண்டு போங்கள். அதே கண்ணாடியைப் போட்டபடியே சோதியுங்கள். மூன்று இடங்களில் கவனம் வேண்டும்: கண்ணாடி காகிள்ஸின் உள் லென்ஸைத் தொடக்கூடாது, தொட்டால் இரண்டும் கீறிக்கொள்ளும்; காம்பை ஃபோம் நெற்றிப்பொட்டில் அழுத்தக்கூடாது; குனிந்து நிமிரும்போது கண்ணாடி மூக்கில் இறங்கக்கூடாது. பெரிய சதுர ஃப்ரேம் பழக்கமானவர்கள் பயணத்துக்கு மட்டும் பழைய சிறிய ஃப்ரேம் ஒன்றை எடுத்துப் போவது நல்லது.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. ஆவி பிடிக்க இப்போது இன்னொரு பரப்பும் உள்ளே வந்துவிட்டது. கண்ணாடிக்கு ஆவி பிடிக்காமல் தடுக்கும் ஆன்ட்டி-ஃபாக் துடைப்பான் போட்டுக்கொள்ளலாம். காகிள்ஸின் உள் லென்ஸில் அதைப் போடாதீர்கள். அங்கே ஏற்கெனவே உள்ள பூச்சு கெடலாம். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால், பவர் லென்ஸை ஒரு சின்னச் சட்டத்தில் பொருத்தி காகிள்ஸுக்குள் மாட்டும் இன்ஸெர்ட் இருக்கிறது. கான்டாக்ட் லென்ஸ் ஏற்கெனவே பழகியவர்களுக்கு அதுவே எளிது. பயணத்துக்காகப் புதிதாகத் தொடங்குவதாக இருந்தால், சில வாரங்கள் முன்பே கண் மருத்துவரிடம் போய்ப் பழகிக்கொள்ளுங்கள். மலையில் முதல் நாள் அல்ல, அதற்கான நாள்.

போன முறை வாடகைக் காகிள்ஸ் அரை மணிக்கு ஒரு தடவை மங்கிவிட்டது. துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்தது. காரணம் என்ன? (தருமபுரி)

அந்தத் துடைப்பே ஒரு காரணம். முகத்தில் இருந்து வரும் ஈரக் காற்று குளிர்ந்த லென்ஸில் பட்டு நீராகிறது, அதுதான் மங்கல். இதைத் தடுக்க நல்ல காகிள்ஸில் இரண்டு லென்ஸ் இருக்கும். வெளியே பாலிகார்பனேட், உள்ளே வேறு பிளாஸ்டிக், நடுவில் காற்று. அந்தக் காற்று போர்வை போல இருந்து உள் லென்ஸை அதிகம் குளிராமல் வைக்கிறது. உள் லென்ஸில் நீரை உறிஞ்சிப் பரப்பும் மெல்லிய பூச்சும் உண்டு. ஈரமாக இருக்கும்போது அந்தப் பூச்சு மிருதுவாகிவிடும். அப்போது கையுறையால் தேய்த்தால் உரிந்துபோகும். பலர் தேய்த்த வாடகைக் காகிள்ஸில் அநேகமாக அது மிச்சமே இருக்காது.

செய்ய வேண்டியது இது. பனி உள்ளே போனால் உதறுங்கள். மிச்ச ஈரத்தை மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். ஓய்வெடுக்கும்போது காகிள்ஸை நெற்றிக்கோ ஹெல்மெட் மேலோ ஏற்றாதீர்கள்; தலைச்சூடும் வியர்வையும் நேராக உள்ளே போகும். முகத்திலேயே இருக்கட்டும், அல்லது கழற்றிப் பையில் வையுங்கள். மூக்கையும் வாயையும் மூடும் துணியின் மேல் விளிம்பைக் காகிள்ஸுக்குள் செருகினால் மூச்சு முழுவதும் மேலே ஏறும். அதைக் காகிள்ஸுக்கு வெளியே, மூக்குக்குக் கீழே இறக்குங்கள். நகரும்போதுதான் துளைகள் வழியே காற்று ஓடும். நின்றால் மங்குவதும், கிளம்பியதும் தெளிவதும் இயல்பு. பூச்சு நன்றாக இருந்தும் ஓடும்போதுகூட மங்கினால், மேல் துளைகளில் பனி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

இரவில் அறை வெப்பத்தில் காயவிடுங்கள். ஹீட்டர் மேல் வைத்தால் லென்ஸ் வளையும்.

நம் ஊர்ப் பழக்கம் இரண்டையும் இங்கே சொல்ல வேண்டும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு போனால் அது நெற்றியில் இறங்கி ஃபோமில் ஊறும், உள் லென்ஸிலும் படும். எண்ணெய் பட்ட இடத்தில் ஆன்ட்டி-ஃபாக் பூச்சு வேலை செய்யாது. திருநீறு பூசுகிறவர்கள் காகிள்ஸ் போடும் முன் நெற்றியைத் துடைத்துக்கொள்ளுங்கள். உதிரும் தூள் லென்ஸில் ஒட்டினால் துடைக்கும்போது கீறல் விழும். ஸ்டிக்கர் பொட்டால் தொந்தரவு இல்லை.

இரண்டு லென்ஸுக்கும் நடுவிலேயே ஈரம் தெரிகிறது. எப்படித் துடைப்பது? (காவேரிப்பட்டணம்)

துடைக்க முடியாது. நடுவில் உள்ள சீல் விட்டுப்போயிருக்கிறது. லென்ஸை மாற்ற வேண்டும். பிரிக்க முயன்றால் இரண்டும் கெடும். உயரமும் இந்தச் சீலைச் சோதிக்கும். கிருஷ்ணகிரி ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குல்மர்க் கோண்டோலாவின் (கம்பிவட ஊர்தியின்) மேல் நிலையம் 3,900 மீட்டருக்கு மேல். அங்கே காற்றழுத்தம் நம் ஊரைவிடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. லென்ஸுக்குள் அடைபட்ட காற்று விரிந்து, லென்ஸ் லேசாக உப்பும், காட்சி நெளியும். இதற்காகச் சில மாடல்களில் லென்ஸ் ஓரத்தில் வடிகட்டி வைத்த ஒரு சின்னத் துளை இருக்கும். மேலே போகிறவர்கள் அது உள்ளதா என்று கேளுங்கள்.

கறுப்பு, மஞ்சள், ரோஸ், மிர்ரர்: எந்த லென்ஸ்? ஒன்றுதான் வாங்க முடியும். (அரூர்)

நிறத்தைவிட எண்ணைப் பாருங்கள். வி.எல்.டி. என்பது லென்ஸ் எத்தனை சதவீத வெளிச்சத்தை உள்ளே விடுகிறது என்ற கணக்கு. அதை வைத்து லென்ஸை எஸ்1, எஸ்2 என்று வகை பிரிக்கிறார்கள்; எண் கூடக் கூட லென்ஸ் இருட்டாகும். எஸ்1 என்றால் 43 முதல் 80 சதவீதம். மேகமும் பனிப்பொழிவும் உள்ள நாளுக்கு. எஸ்2 என்றால் 18 முதல் 43. எஸ்3 என்றால் 8 முதல் 18, பளீர் வெயிலுக்கு. எஸ்4 என்றால் 3 முதல் 8 மட்டுமே; பனிப்பாறை வெளிகளுக்கானது, அதைப் போட்டு வண்டி ஓட்டக்கூடாது. ஒன்றே ஒன்று என்றால் எஸ்2. மாற்று லென்ஸோடு வருவது கிடைத்தால் எஸ்3-உம் எஸ்1-உம். மேகமூட்டத்தில் மேடுபள்ளம் எல்லாம் ஒரே வெள்ளையாகத் தெரியும். அப்போது மஞ்சள், ரோஸ், ஆரஞ்சுச் சாயம் நிழலைக் கொஞ்சம் பிரித்துக் காட்டும். மிர்ரர் பூச்சு கண்கூச்சத்தைக் குறைக்கும், சீக்கிரம் கீறலும் விழும். வெயிலுக்கேற்பத் தானே மாறும் லென்ஸ் வசதிதான். ஆனால் குளிரில் அது மெதுவாகத்தான் வெளிறும்.

பர்கூர் பக்கம் கிரானைட் பட்டறையில் வேலை. அங்கே போடும் சேஃப்டி காகிள்ஸையே எடுத்துப் போகலாமா? திரும்பி வந்து ஸ்கீ காகிள்ஸைப் பட்டறையில் போடலாமா? (பர்கூர்)

இரண்டுக்கும் பதில் வேண்டாம் என்பதுதான். பட்டறைக் காகிள்ஸ் பாலிகார்பனேட் என்பதால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும். ஆனால் தெளிவான லென்ஸ் என்பதால் பனியின் கூச்சத்தைக் குறைக்காது. பெரும்பாலும் ஒற்றை லென்ஸ், குளிரில் உடனே மங்கும். ஸ்கீ காகிள்ஸைப் பட்டறையில் போடுவது இன்னும் ஆபத்து. அதன் துளைகளில் உள்ளது வெறும் ஃபோம், கல் தூள் நுழைந்துவிடும். கிரைண்டரில் இருந்து தெறிக்கும் சில்லுக்காக அதைச் சோதித்திருக்க மாட்டார்கள். பட்டறைக்கு ஐ.எஸ். 5983 அல்லது ஈ.என். 166, பனிக்கு ஐ.எஸ்.ஓ. 18527-1 அல்லது பழைய ஈ.என். 174. இந்தத் தரச்சான்று எண்களைப் பெட்டியிலோ ஃப்ரேமிலோ தேடுங்கள்.

மேகம் மூடியிருந்தால் காகிள்ஸ் எதற்கு? சாதாரணக் கூலிங் கிளாஸ் போதாதா? (பென்னாகரம்)

போதாது. ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். புதுப் பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். கடற்கரை மணல் 15 சதவீதம்தான். மெல்லிய மேகத்தையும் புற ஊதாக் கதிர் ஊடுருவும். கூலிங் கிளாஸின் கீழும் பக்கமும் திறந்திருப்பதால், கீழிருந்து எழும்பும் கதிர் நேராகக் கண்ணில் படும். அதனால் வரும் கருவிழி எரிச்சல் உடனே தெரியாது. பல மணி நேரம் கழித்து, இரவில், கண்ணில் மணல் கொட்டியது போல உறுத்தும், நீர் வழியும். கண்ணைக் கசக்காதீர்கள், கான்டாக்ட் லென்ஸைக் கழற்றுங்கள், இருட்டறையில் கண்மேல் ஈரத்துணி வைத்துக்கொள்ளுங்கள், மருத்துவரையும் பாருங்கள். பொதுவாக ஓரிரு நாளில் ஆறிவிடும். ‘யு.வி. 400’ (400 நானோமீட்டர் வரையிலான புற ஊதாக் கதிரைத் தடுக்கும்) என்று இல்லாத எதையும் வாங்காதீர்கள்.

மகளுக்கு ஏழு வயது. ஒரு சைஸ் பெரிதாக வாங்கினால் அடுத்த வருடமும் ஆகுமே? (ஊத்தங்கரை)

பள்ளிச் சீருடைக்கு அந்தக் கணக்கு சரி, இதற்குச் சரிவராது. பெரிய ஃப்ரேம் குழந்தையின் மூக்கை அடைக்கும், கன்னத்தில் சந்து விடும். எரிச்சலில் கழற்றி எறிவாள். சிறுவர் அளவிலேயே வாங்குங்கள். போட்டுவிட்டுப் படம் ஏதாவது பார்க்க விடுங்கள். இருபது நிமிடம் தொடாமல் இருந்தாள் என்றால் பொருந்திவிட்டது.

வந்த பிறகு எங்கே வைப்பது? போன வருடக் காகிள்ஸின் ஃபோம் பொடிப்பொடியாக உதிர்கிறது. (தருமபுரி)

நம் ஊர் வெயில்தான் காரணமாக இருக்கும். சித்திரை, வைகாசியில் காருக்குள்ளோ ஓட்டு வீட்டுப் பரண்மேலோ வைத்தால் பசை விட்டு, ஃபோம் மொரமொரத்துப் போகும். ஊர் திரும்பியதும் ஃபோமை ஈரத்துணியால் ஒற்றி வியர்வையையும் சன்ஸ்கிரீனையும் எடுங்கள். இரண்டு நாள் நிழலில் உலர்த்துங்கள். துணிப்பையில் போட்டு, கட்டிப் பெட்டிக்குள் வைத்து, அலமாரியின் கீழ்த் தட்டில் வையுங்கள். ஸ்ட்ராப்பைத் தளர்த்திவிடுங்கள். உதிரும் ஃபோமோடு மீண்டும் எடுத்துப் போகாதீர்கள்; அந்தப் பொடி கண்ணில் விழும்.