ஆஸ்திரேலிய பாஸ்போர்ட்டில் 24 வயதுக்காரர் ஆறு மாதம் பிரிட்டனையும் ஐரோப்பாவையும் சிக்கனமாகச் சுற்ற எப்படித் திட்டமிடுவது?

முதலில் நாள் கணக்கு. பணத்தைவிட இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஷெங்கன் நாடுகள், அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனை வேண்டாமென ஒப்பந்தம் செய்துகொண்ட ஐரோப்பிய நாடுகள், எல்லாவற்றுக்கும் சேர்த்து, எந்த 180 நாட்களிலும் 90 நாட்கள்தான் தங்கலாம். நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும். பாரிஸிலிருந்து ரோமுக்குப் போனால் கணக்கு புதிதாகத் தொடங்காது. பிரிட்டனும் அயர்லாந்தும் ஷெங்கனுக்கு வெளியே இருப்பதால், மீதி மாதங்களை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனுக்குப் புறப்படுமுன் இ.டி.ஏ. என்ற மின்னணுப் பயண அனுமதியை இணையத்தில் வாங்கிவிட வேண்டும்.

சுற்றுலா அனுமதியில் வேலை செய்யக் கூடாது. சம்பாதித்துக்கொண்டே சுற்ற நினைத்தால் இளைஞர்கள் தங்கி வேலை செய்ய உதவும் பிரிட்டனின் யூத் மொபிலிட்டி விசாவுக்கு ஆஸ்திரேலியாவிலிருந்தே விண்ணப்பியுங்கள். ஆஸ்திரேலியர்களுக்கு 35 வயது வரை கிடைக்கும்; முதலில் இரண்டு ஆண்டுகள், பிறகு இன்னும் ஓராண்டு நீட்டிக்கலாம். என் பார்வையில் இதுவே சிறந்த வழி.

ரயிலுக்கு, பல ஐரோப்பிய நாடுகளில் ஒரே சீட்டில் பயணிக்க உதவும் யூரெயில் பாஸ். 27 வயது வரை இளைஞர் கட்டணம். ஆனால் பிரான்சின் டி.ஜி.வி., லண்டன் யூரோஸ்டார் ஆகிய அதிவேக ரயில்களுக்குப் பாஸ் இருந்தாலும் இருக்கைப் பதிவுக்குத் தனிக் கட்டணம் உண்டு, அந்த ஒதுக்கீடும் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஜெர்மனியின் வட்டார ரயில்களில் பதிவே தேவையில்லை. பிரிட்டனுக்குள் மட்டும் சுற்றுவதானால் 16-25 ரெயில்கார்டு என்ற தள்ளுபடி அட்டை போதும், மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. வார நாட்களில் காலை 10 மணிக்கு முன் ஏறினால் குறைந்தபட்சக் கட்டண விதி குறுக்கே வரும்; தள்ளுபடி போனாலும் கட்டணம் ஒரு தொகைக்குக் கீழே இறங்காது. ஜூலை, ஆகஸ்டில் அந்த விதி இல்லை.