காய்ந்த குன்றெல்லாம் பாலைவனம் இல்லை

கேள்வி: கலிஃபோர்னியாவில் சான் டியாகோவுக்குக் கிழக்கே, ஆல்பைன் பக்கம் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். பின்னாலுள்ள குன்று முழுக்கக் காய்ந்த புதர். "இது பாலைவனம், எரிய என்ன இருக்கிறது? பயமாக இருந்தால் மொத்தமாகச் சுரண்டிவிடலாம்" என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். அது ஷாப்பரல். குளிர்கால மழையை மட்டும் நம்பி, கோடை முழுக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் நிற்கும் புதர்க்காடு. பாலைவனம் பார்க்க, உங்களுக்குக் கிழக்கே லகூனா மலையைத் தாண்டி அன்ஸா பொரேகோவுக்குப் போக வேண்டும். கடலிலிருந்து வரும் மழையில் பெரும்பங்கை மலை இந்தப் பக்கமே வாங்கிக்கொள்கிறது.

மழைக் கணக்கு உங்களுக்கு வேண்டாம். குன்றில் ஏறிப் பாருங்கள். செடிகளுக்கு நடுவே வெறும் மண் தெரிந்து, கைவீசி நடக்க முடிந்தால் பாலைவனம். சட்டை கிழியாமல் பத்தடி போக முடியாவிட்டால் ஷாப்பரல். கொய்யா மரம் போல வழவழவென்று செம்பழுப்புப் பட்டையோடு நிற்பது மன்சனீட்டா. ஊசி இலை கொத்துக்கொத்தாக இருப்பது ஷமீஸ். அதன் இலையில் எண்ணெய்ப் பசை உண்டு. அக்டோபரில் சான்டா ஆனா காற்று, அதாவது உள்நாட்டிலிருந்து கடலை நோக்கி வரும் வறண்ட காற்று, அடிக்கும்போது ஒரு பொறி போதும். 2003-இல் உங்கள் பக்கத்து மலைகளில் சீடர் (Cedar) என்று பெயரிட்ட காட்டுத்தீ 2,70,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. 15 பேர் இறந்தார்கள்.

சரி, பாலைவனம் எரியவே எரியாதா? எரியும். நல்ல மழை பெய்த வருஷம் வெளிநாட்டுப் புல் மண்டும். காய்ந்ததும் செடிக்குச் செடி நெருப்பைக் கடத்தும். 2020-இல் மொஹாவி பாலைவனத்தில் டோம் என்ற காட்டுத்தீயில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஜோஷுவா மரங்கள் போனதாக மதிப்பீடு. இதை ஏன் இழுக்கிறேன் என்றால், புதரைச் சுரண்டினால் உங்கள் குன்றிலும் அந்த மாதிரிப் புல்தான் முளைக்கும். புதரைவிடச் சீக்கிரம் பற்றும். வேரும் போய்விட்டதால் குளிர்கால மழையில் சரிவு கரைந்து கீழே வரும். "சட்டமே வீட்டைச் சுற்றி 100 அடி மொட்டையடிக்கச் சொல்கிறது" என்று புல்டோசரோடு வருபவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். சட்டம் கேட்பது கழித்துவிடுவதும் இடைவெளி விடுவதும்தான்.

அப்புறம், விற்பவர் தர வேண்டிய இயற்கை ஆபத்து அறிவிப்பைக் கேட்டு வாங்குங்கள். அதோடு நிம்மதியாகிவிடாதீர்கள். தீயணைப்பு மாநிலப் பொறுப்பிலுள்ள பகுதிகளுக்கு அந்த அறிவிப்பு நம்பியிருக்கும் தீ அபாய வரைபடம் 2007-க்குப் பிறகு 2024-இல்தான் புதுப்பிக்கப்பட்டது. பதினேழு வருஷத்தில் குன்று எத்தனை மாறியிருக்கும்! கையெழுத்துக்கு முன்பே காப்பீட்டு விலை கேளுங்கள். யாரும் தராவிட்டால், வேறு வழியில்லாதவர்களுக்கான கலிஃபோர்னியாவின் ஃபேர் பிளான் காப்பீடுதான் கதி. அது அடிப்படையில் தீக்கு மட்டும். திருட்டுக்கும் குழாய் உடைப்புக்கும் தனியாக இன்னொன்று எடுக்க வேண்டும்.