பிரின் என்னும் குடும்பப் பெயர்

கேள்வி: முதுகலை ஆங்கில இலக்கியத்தில் நத்தானியேல் ஹாதோர்னின் 'தி ஸ்கார்லெட் லெட்டர்' நாவல் எனக்குப் பாடம். அதன் நாயகி ஹெஸ்டர் பிரின்னின் குடும்பப் பெயர் வெறும் கற்பனையா? ஹாதோர்ன் பிறந்த சேலத்துக்கும் நம் சேலத்துக்கும் தொடர்பு உண்டா?
– ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: ஊர்களுக்குள் தொடர்பு ஏதுமில்லை, பெயர் ஒற்றுமை மட்டுமே. அமெரிக்கச் சேலத்தில் 1692இல் சூனியக்காரிகள் என்று குற்றஞ்சாட்டப்பட்டவர்களை விசாரித்த நீதிபதிகளுள் ஒருவர் ஹாதோர்னின் மூதாதையர்.

பிரின் கற்பனைப் பெயரன்று. வில்லியம் பிரின் (1600–1669) லண்டனில் வாழ்ந்த வழக்கறிஞர்; திருச்சபையைத் தூய்மைப்படுத்த வேண்டும் என்ற கண்டிப்பான கிறித்தவப் பிரிவான பியூரிட்டன்களுள் ஒருவர். நாடகம் பாவம் என்று நிறுவ ஆயிரம் பக்கங்களுக்கு மேல் எழுதிய அவர், அந்நூலின் பொருளகராதியில் நடிகைகளை இழித்துரைத்தது, அரண்மனை நாடகத்தில் நடித்த அரசி ஹென்றியட்டா மரியாவையே சுட்டுவதாகக் கொள்ளப்பட்டு, 1634இல் அவருக்கு 5,000 பவுண்டு அபராதமும் ஆயுள் சிறையும் காதறுப்பும் விதிக்கப்பட்டன. சிறையிலும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. 1637இல் எஞ்சிய காதையும் அறுத்து, அரசுக்கு எதிராக அவதூறு எழுதியவர் என்பதைக் குறிக்கும் 'எஸ்', 'எல்' எழுத்துகளைக் கன்னங்களில் சூட்டுக்கோலால் பொறித்தார்கள். அவரோ, அவை இங்கிலாந்துத் திருச்சபையின் பேராயரும் பியூரிட்டன்களின் எதிரியுமான லாடின் தழும்புகள் என்று லத்தீனில் பொருள் சொல்லிவிட்டார். (பின்னாளில் அதே லாடின் மீதான வழக்கை முன்னின்று நடத்தியவரும் அவரே, இளகிய மனம் படைத்தவர் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை.)

நாவலில், மணவாழ்வுக்குப் புறம்பான உறவுக்குத் தண்டனையாக ஹெஸ்டரின் மார்பில் 'ஏ' (அடல்டரி) என்னும் எழுத்து. கூட்டத்தில் நிற்கும் ஒருத்தி, அவள் நெற்றியிலேயே சூடு போட்டிருக்க வேண்டும் என்கிறாள். இந்த ஒப்புமை தற்செயலானதன்று என்றே கருதுகிறேன். ஏனெனில் ஆளுநர் பெல்லிங்ஹாமின் வீட்டை வருணிக்கும் ஏழாம் அத்தியாயத்தில், அவருடைய பழைய தொழில்முறைத் தோழர்களாகக் குறிப்பிடப்படும் சட்ட அறிஞர்களுள், 1634இல் பிரின்னுக்கு எதிராக வாதாடிய அரசுத் தலைமை வழக்கறிஞரும், 1637இல் அவருடைய காதுகளைத் திறந்து காட்டச் சொன்ன நீதிபதி ஃபின்ச்சும் இடம்பெறுகிறார்கள்.

பிரின் என்பது ஹெஸ்டருக்குக் கணவர் வழி வந்த பெயர் என்பதையும் கவனியுங்கள். அவர் சில்லிங்வொர்த் என்று பெயரை மாற்றிக்கொண்டு ஒதுங்கிவிட, அப்பெயரை ஊரறியச் சுமப்பவள் அவள் ஒருத்தியே. ஆயினும், பெயரை எங்கிருந்து எடுத்தார் என்று ஹாதோர்ன் நாவலில் கூறவில்லையாதலால், தேர்வில் இதனை ஆய்வாளர்களின் ஊகமாகவே எழுதுங்கள்.